தோற்ற ஆட்டமும் ஒரு ஹெல்மெட்டும்

1

தீபாவளிக்கு மறுநாள் கரூரிலிருந்து அண்ணி போன் செய்தார். முறுக்கு எப்படி வந்தது, அங்கே வெடி வெடிக்க விடுவார்களா, குளிர் ஆரம்பித்துவிட்டதா என்ற விசாரணையெல்லாம் முடிந்த பிறகு, எப்போதும் கேட்கும் கேள்விக்கு வந்தார்.

"பாப்பா டாக்டராக இன்னும் எத்தன வருசம் கண்ணு? ஸ்டெதாஸ்கோப் போட்டுட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. இங்க கல்யாணங் காச்சின்னு போனா எல்லாரும் கேக்கறாங்க. காட்டோணுமல்லோ."

"சொல்றனுங்க அண்ணி" என்றேன். என் மகள் கயல் டாக்டருக்குப் படிக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவள் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. போனை வைத்த பிறகு வயிற்றெரிச்சலாக இருந்தது. தீபாவளி பலகாரத்தினால் இல்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் அணி காலேஜ் புட்பாலில் தோற்றது. அண்ணிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அந்தத் தோல்விக்குள்தான் இருக்கிறது. அதனால் ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாது.

2

நாங்கள் டெக்ஸாஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். வந்த புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. புருஷன் பெயரில் விசா, அதன் வாலாகப் பெண்டாட்டி. கரூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு செக்ஷனையே கட்டி மேய்த்தவள் நான். இங்கே லைப்ரரி கார்டு வாங்க இவர் பெயரில் வந்த கரண்ட் பில்லைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக, "உங்கள் பெயரில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அந்த வருடங்களில்தான் புட்பால் பார்க்கக் கற்றுக்கொண்டேன். டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து ஆட்டமும் வந்தது, இந்த ஊர் இங்கிலீஷும் வந்தது. பிறகு அனுமதி வந்து, பல் டாக்டர் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாளே அங்கிருந்த நர்சுகளிடம் குவார்ட்டர்பேக்கைப் பற்றிச் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தங்கவேல் எம்.எஸ். படித்த யூனிவர்சிட்டி இங்கிருந்து காரில் போய்வரும் தூரம். அமெரிக்காவில் இவருக்கென்று முதலில் சொந்தமானது அந்த அணிதான். கிரீன் கார்டெல்லாம் பிற்பாடு. விசா ஆபீசில் கேட்கும் கேள்விகள் எதையும் அந்த அணி கேட்கவில்லை. அதன் நிறத்தில் ஒரு சட்டை வாங்கிப் போட்டால் போதும், ஆள் சேர்ந்தாயிற்று.

ஆட்டம் இதுதான். பெயர்தான் புட்பால், தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் பிடித்து ஓடுவதும் எறிவதும்தான் அதிகம். நாலு வாய்ப்புக்குள், டவுன் என்பார்கள், பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. இப்படியே எதிராளியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோய்விட்டால் ஆறு புள்ளி. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தை முதலில் கையில் வாங்கி எறிபவன் அல்லது ஓடுபவனிடம் கொடுப்பவன் குவார்ட்டர்பேக். எதைச் செய்வது என்று அவனுக்கு உத்தரவு போடுபவர், கோட்டுக்கு வெளியே காதில் ஹெட்போன் மாட்டி நிற்கும் கோச். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது லேசில் பிடிபடாது. உள்ளே கேப்டன் இருக்கும்போது வெளியே நிற்பவருக்கு என்ன வேலை என்று, இவர் முதல் இரண்டு சீசனும் எல்லாத் தப்புக்கும் அந்தப் பையனையே திட்டிக்கொண்டிருந்தார். கோச் என்று ஒருவர் இருப்பது தெரிந்ததும் இருவரையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தார்.

கூட்டாளிகள் இரண்டு பேர். திருநெல்வேலி செந்தில், சென்னை பாஸ்கர். இருவருமே கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, புட்பால் என்று வந்தால் சின்னப் பிள்ளைகள். சென்டிமென்ட் வேறு. ஒரு சனிக்கிழமை நான் அரிசியும்பருப்புஞ் சாதம் செய்தேன், அணி வென்றது. விட்டார்களா? அணி வென்றுகொண்டே போக, வாராவாரம் அதே சாதம். செந்தில் நெய்யைக்கூட அதே பிராண்டில்தான் வாங்கிக்கொண்டு வருவார். கடைசியில் எனக்கே அணி ஒருமுறை தோற்றால் தேவலை என்று இருந்தது. சத்தியமாக அப்படி நினைத்தேன். ஆனால் இப்படித் தோற்கும் என்று நினைக்கவில்லை.

3

கயல் பிறந்தது இங்கேதான். மூன்று நான்கு வயதில் சனிக்கிழமை ஆனால் டிவி ரிமோட்டை எடுத்து வைத்துக்கொள்வாள். இவர் ஆட்டம் பார்க்க வேண்டும், அவளுக்குக் கார்ட்டூன் ஓட வேண்டும். கேட்டால் ஓட மாட்டாள், அழ மாட்டாள். அப்படியே முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ரிமோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, அதன்மேல் முகவாயை அழுத்திக்கொள்வாள். இவர் சாக்லேட் காட்டுவார், கெஞ்சுவார், மிரட்டுவார். ஒருநாளும் வாங்க முடிந்ததில்லை. "உன்ன மாதிரியே அழுத்தக்காரி" என்று என்னைத்தான் சொல்வார்.

அவள் வளர்ந்து அதே யூனிவர்சிட்டியில் சேர்ந்தபோது இவர் கால் தரையில் இல்லை. பயாலஜி, பிறகு மெடிக்கல் என்று ஏற்பாடு. இரண்டாம் வருடம் ஒருநாள் டைனிங் டேபிளில், "ஐ சேஞ்ச்ட் மை மேஜர், அப்பா" என்றாள். எடுத்த பாடத்தையே மாற்றிவிட்டாள். அத்லெட்டிக் டிரெய்னிங். விளையாடுபவர்களுக்கு அடிபட்டால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது, கட்டுப் போடுவது, தேற்றி மறுபடி களத்துக்குக் கொண்டுவருவது. மாணவியாக இருக்கும்போது தண்ணீர் பாட்டிலும் தூக்க வேண்டும்.

"தண்ணி பாட்டல் தூக்கவா இத்தன தூரம் வந்தோம்?" என்றார் இவர்.

"ஐ லைக் இட், அப்பா."

"புடிச்சா வீட்லயே தூக்கு. கேன் இருக்குது."

அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசுவது குறைந்துவிட்டது. நண்பர்களிடம் இவர் "ஸ்போர்ட்ஸ் மெடிசின்" என்றார். ஸ்போர்ட்ஸை விழுங்கிவிட்டு மெடிசினை அழுத்துவார். நாளாக ஆக வெறும் மெடிசின் ஆனது. கரூருக்குப் போகும்போது டாக்டர் ஆனது. இந்த வருடம் கயலுக்குப் புட்பால் அணியோடு போஸ்டிங் கிடைத்தது. எந்த அணிக்காக இவர் பதினெட்டு வயதுப் பையன்களைப் போலக் கத்துகிறாரோ, அதே அணியோடு மகள் மைதானத்தில் நிற்கிறாள். அதைக்கூடச் செந்திலிடமும் பாஸ்கரிடமும் சொல்லவில்லை. "சனிக்கெழம அவளுக்கு லேப்புங்க" என்றுவிட்டார்.

நான் அவள் பக்கம். காரணம் என் இடது முழங்கால். கரூரில் ஸ்கூலில் நான் கோ-கோ ஆடியவள். ஜோனல் மேட்ச்சில் திரும்பும்போது முட்டி பிசகியது. பி.டி. வாத்தியார் எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் தேய்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஓடு" என்றார். ஓடினேன். ஜெயித்தோம். அந்தக் கப் இப்போது எங்கே இருக்கிறதோ, வலி மட்டும் ஒவ்வொரு டிராபிக் சிக்னலிலும் என்னோடு காரில் உட்கார்ந்திருக்கிறது. அன்று "ஓடாதே" என்று சொல்ல அந்தக் கோட்டோரத்தில் ஒரு ஆள் இல்லை. என் மகள் அந்த ஆளாக நிற்கப் போகிறேன் என்கிறாள். எனக்கு இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்றுவரை புரியவில்லை.

4

சனிக்கிழமை மதிய ஆட்டம். எங்கள் வீட்டில் அரிசியும்பருப்பும், அதே நெய், அதே சோபா, அவரவர் அதே இடம்.

மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் இந்த சீசன் முழுக்கக் கோட்டுக்கு வெளியேதான் பார்த்தேன். எப்போதாவது திரையின் ஓரத்தில் தொப்பியும் காக்கி அரைக்கால் சட்டையுமாக ஒரு குட்டி உருவம் பாட்டில் கூடையோடு ஓடும். ஒரு வாரம் முழுவதற்கும் அது எனக்குப் போதும்.

கடைசிக் கட்டம். நாங்கள் நாலு புள்ளி பின்னால். ஆனால் எங்கள் குவார்ட்டர்பேக் நல்ல ஃபார்மில் இருந்தான், பந்து எங்கள் கையில், ஜெயித்துவிடலாம். பந்தை எறிந்த மறுநொடி எதிரணியில் மலை மாதிரி ஒருவன் வந்து மோதினான். பையன் மல்லாந்து விழுந்ததில் பின்தலை தரையில் பட்டது. எழுந்தான். கையை ஆட்டினான். அரங்கமே கைதட்டியது.

ஆட்டத்தை நிறுத்தி அவனை வெளியே வரச் சொன்னார்கள். கேமரா அவனைக் கோட்டோரத்தில் காட்டியபோது நான் கயலைப் பார்த்தேன். அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைமை டிரெய்னரான நரைமுடி அம்மாளின் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் பையன் முன்னால் போய் நின்றாள். டாக்டர் வந்தார். ஹெல்மெட் பையன் தலையிலிருந்து அம்மாள் கைக்கும், அங்கிருந்து கயல் கைக்கும் போனது. எனக்கு விளங்கிவிட்டது. கோடையில் அவளே சொல்லியிருக்கிறாள். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை ஹெல்மெட்டை வாங்கி வைப்பது. அடிபட்டவன் ஒத்துக்கொள்ள மாட்டான், மறுபடி உள்ளே ஓடப் பார்ப்பான், ஹெல்மெட் இல்லாமல் ஓட முடியாது.

புதிதாகச் சேர்ந்த முதல் வருடப் பையனை உள்ளே அனுப்பினார்கள். எல்லைக்குப் பக்கத்தில் வரை கொண்டுவந்தான். நாலாவது வாய்ப்பில் கோச் எறியச் சொன்னார். எறிந்தான். நேராக எதிராளி கையில். கதை முடிந்தது.

இவர் எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. "நல்லா இருந்தவன எவன் வெளிய எடுத்தான்?" என்று வேலியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் கயல் மெசேஜ் அனுப்பினாள். பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அப்பா? அப்பா பந்தைப் பார்த்தார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது. குரல் உள்ளே போயிருந்தது.

"அம்மா, டோன்ட் டெல் ஹிம் இட் வாஸ் மீ. ஹி வில் சே வி லாஸ்ட் பிகாஸ் ஆஃப் மீ. நாளைக்கு ஐ வோன்ட் கம்."

"நாளைக்கு நீ வர்ற. மீன்கொழம்பு வெக்கறேன்."

"அங்கிள்ஸ் இருப்பாங்க."

"இருக்கட்டும். உன் வீடு இது. அவங்க வீடு இல்ல."

5

வென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வர மாட்டார்கள், அவரவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். தோற்றால் காலையிலேயே எங்கள் வீட்டில் போஸ்ட்மார்ட்டம். நான் இட்லி ஊற்றிக்கொண்டே ஒரு முடிவு எடுத்திருந்தேன். இன்றைக்கு கயல் வாசலில் கால் வைக்கும்போது இந்த வீட்டில் அவளைப் பற்றி ஒரு பொய்யும் மிச்சம் இருக்கக் கூடாது. இவர் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். சண்டை வந்தால் வரட்டும்.

"கோச்சு மண்டைல ஒண்ணும் கெடையாதுங்கேன்" என்று செந்தில் ஆரம்பித்தார். "நாலாவது டவுனு. புதுப் பயல நம்பி எவனாச்சும் எறியச் சொல்வானா? ஓடச் சொல்லணும்லா?"

இதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. "எல்லைக்கு ரெண்டு கஜம் இருந்துச்சு. ரெண்டு பேரு தள்ளுனாலே உள்ள போயிருப்பான்" என்று அடுக்களையிலிருந்தே சொன்னேன்.

"அதெல்லாம் செகண்டரி" என்றார் பாஸ்கர். "மெயின் பையனை ஏன் பெஞ்ச் பண்ணான்? அதான் கேள்வி. நல்லாதானே நின்னுட்டு இருந்தான்? எனக்கென்னவோ அந்த ஃபர்ஸ்ட் இயர் பையனோட அப்பா காலேஜுக்குப் பெரிய டோனரா இருப்பான்னு தோணுது. எல்லா ஊர்லயும் ரெக்கமண்டேஷன்தான்."

"அதெல்லாம் இல்லவே" என்றார் செந்தில். "மெயின் பய அடுத்த வருசம் கூடக் காசு தாற வேற டீமுக்குத் தாவப் போறான். அடிகிடி பட்டா ரேட்டு கொறையும்னு பயந்து உக்காந்துட்டான். பயந்தாங்கொள்ளிப் பய."

"எந்திரிச்சு கைய ஆட்டுனானுங்க" என்றார் இவர். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். தட்டில் இட்லி அப்படியே இருந்தது. "நான் பார்த்தனல்லோ. அவனுக்கு ஒண்ணுமே இல்லீங்க. அவன் மட்டும் உள்ள இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. கரண்டியை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

அதற்குள் பாஸ்கர், "இருங்க, அந்த க்ளிப் பாத்தீங்களா? காலைல இருந்து எல்லா குரூப்லயும் இதான் ஓடுது" என்று போனிலிருந்து பெரிய டிவிக்குப் போட்டுவிட்டார். "ஆறரை அடி ஆளு ஹெல்மெட் கேக்கறான். அஞ்சடிப் பொண்ணு தர மாட்டேங்குது. செம காமெடி."

திரையில் குவார்ட்டர்பேக் பெஞ்சிலிருந்து எழுந்து கையை நீட்டுகிறான். எதிரே தொப்பி போட்ட ஒரு பெண். அவன் இன்னும் ஒரு அடி வைக்கிறான், ஏதோ சொல்கிறான், குனிந்து வாங்கப் பார்க்கிறான். அவள் ஓடவில்லை. அப்படியே முதுகைக் காட்டித் திரும்புகிறாள். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, அதன்மேல் முகவாயை அழுத்திக்கொள்கிறாள்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த காபி டம்ளர் டீப்பாயின் மேல் மெதுவாக இறங்கியது.

பாஸ்கர் மறுபடி ஓடவிட்டார். செந்தில் டிவியைப் பார்த்துக் கையை நீட்டி, "குடுத்துத் தொலையேம்மா. பெரிய இவ மாதிரி நிக்கா. ஒனக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் பேசிவிட்டார்.

"குடுக்க மாட்டா."

"யாரு?"

"அவ குடுக்க மாட்டாளுங்க, செந்திலு. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டா. எம் பொண்ணு அது. கயலு."

டிவியில் அவள் மறுபடி திரும்பி நின்றாள். பாஸ்கர் அவசரமாகப் போனைத் தடவி நிறுத்தப் பார்த்தார். படம் அப்படியே உறைந்து நின்றது. கயல், அவள் முகவாய், ஹெல்மெட்.

"கயலா? அவ மெடிசின்ல..." என்று இழுத்தார்.

"மெடிசின் இல்லீங்க. சனிக்கெழம லேப்பும் இல்லீங்க. நாஞ் சொன்னதெல்லாம் பொய். அவ படிக்கறது அத்லெட்டிக் டிரெய்னிங். நம்ம டீமோடதான் நிக்கறா." மூச்சு விட்டுக்கொண்டார். "அவ ஹெல்மெட்ட வாங்கி வெச்சிருக்கறான்னா அவனுக்குத் தலைல அடி. அதத் தெரிஞ்சுக்க எனக்கு இத்தன நேரம். நேத்துலருந்து லூசாட்டம் பேசிட்டிருக்கறேன்."

செந்தில் நல்ல மனிதர்தான். ஆனால் ரசிகர். "அப்பம் நாம தோத்ததுக்குக் காரணமே நம்ம கயலுதானாடே?" என்றார்.

நேற்று மதியத்திலிருந்து சோறு தண்ணி இல்லாமல் வேலியோடு பேசிக்கொண்டிருந்த மனிதர் சொன்னார்: "தோத்தா தோத்துட்டுப் போவுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

6

கயல் வந்தபோது வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றாள். இவர்தான் எழுந்து போனார்.

"சாப்ட்டயா?"

"இல்ல."

"வா." அவள் பையை வாங்கிக்கொண்டார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையன் அடுத்த வாரம் வெளாடுவானா கண்ணு?" என்றார்.

"ஐ காண்ட் டெல் யூ, அப்பா. பேஷண்ட் விஷயம். சொல்லக்கூடாது."

"சரி, சொல்லாத." உள்ளே திரும்பி, "யாரும் அவகிட்ட ஒண்ணுங் கேக்கக்கூடாது, சொல்லிப்போட்டேன்" என்றார். செந்தில் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். தலை நிமிராமல், "தப்பா எடுத்துக்கிடாதம்மா" என்றார். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு, "இட்ஸ் ஓகே, அங்கிள்" என்றாள். அவள் கிளம்பும் முன் இவர் அவள் காருக்கு டயர் காற்று பார்த்தார், பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார், கண்ணாடி துடைத்தார். மன்னிப்பெல்லாம் வாயால் கேட்கும் வம்சம் இல்லை இவருடையது.

புதன்கிழமை அந்தப் பையனே கேமரா முன்னால் வந்து தனக்குத் தலையில் அடி என்றும், சில வாரம் ஆட முடியாது என்றும் சொன்னான். அந்தச் சனிக்கிழமையும் புதுப் பையன்தான் ஆடினான். கோச்சைத் திட்ட நிறையவே இருந்தது. செந்திலும் பாஸ்கரும் குறை வைக்கவில்லை. நடுவில் இவர் சோபாவிலிருந்து துள்ளிக் குதித்துக் கத்தினார். எங்கள் அணி புள்ளி எடுத்துவிட்டது என்று பாஸ்கரும் கத்தினார். பார்த்தால் பந்து நடு மைதானத்தில் கிடக்கிறது. திரையின் ஓரத்தில் ஒரு பாட்டில் கூடை ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி, இதைப் படித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று தெரியும். ஸ்டெதாஸ்கோப் போட்ட போட்டோ எங்களிடம் இல்லை, இனிமேலும் எடுக்கப் போவதில்லை. வேறொரு போட்டோ இருக்கிறது. உங்கள் போனுக்கு இவரே அனுப்பிவைத்திருக்கிறார். முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள், முகம் பாதிதான் தெரியும். கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் அதைக் காட்டுங்கள். கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்டால், ஒரு பையனின் தலை என்று சொல்லுங்கள்.